வேப்பங்கொத்து வந்த வாசல்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பேரப் பிள்ளைகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால் ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு போங்கள். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு ஏசி தியேட்டரில் படம் முடியும்வரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பர் ஹீரோ படம். முகமூடி போட்ட ஒருவன் பறக்கிறான், இடியும் பாலத்தைத் தோளில் தாங்குகிறான், பஸ்ஸோடு விழப்போன பிள்ளைகளைக் காப்பாற்றுகிறான். எல்லாம் முடிந்ததும் ஒரு உயரமான கட்டடத்தின் மேல் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் விரும்பும் பெண் கீழே காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். தான் யார் என்று அவளிடம் சொல்லித் தொலைத்தால் என்னவாம் என்று பேரன் பாப்கார்னை மென்றுகொண்டே கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அவருக்குப் பறக்கத் தெரியாது. ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார்.

அவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் எங்கள் ஊர். இன்று இந்த ஆறுகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாதி நாள் மணல்தான் தெரியும். அன்று புரட்டாசி பிறந்தால் கரை தொட்டு ஓடும். வாய்க்கால், வயல், வரப்பு எல்லாம் ஒரே தண்ணீர். தண்ணீர் ஏறினால் பொந்துகளில் இருப்பவை மேட்டுக்கு ஏறி வரும். மேட்டில்தான் மனிதர்களும் இருப்போம். பாம்பு என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். யாரையாவது கடித்தாலும் "பூச்சி தொட்டுடுச்சு" என்றுதான் சொல்வோம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

விஷக்கடிக்கு மந்திரம் போடுவது எங்கள் குடும்பத்தில் பரம்பரை. தாத்தா அதில் பெயர் வாங்கியவர். மூத்தவரான என் அப்பா சளி பிடிக்கும், சைனஸ் இருக்கிறது என்று நழுவிவிட, தாத்தா இளையவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிரகணத்தன்று குடமுருட்டியில் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திக் காதில் ஓதிக் கொடுத்தாராம். அத்தோடு சித்தப்பாவின் கதை முடிந்தது என்று அம்மா சொல்வாள். அப்போது அவருக்கு மீசை கூட முளைத்திருக்கவில்லை.

மந்திரத்தை வைத்திருப்பவருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கடிபட்டவரின் வீட்டார் ஒரு வேப்பங்கொத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். வாய் திறக்க மாட்டார்கள். இலையில் கை வைத்திருந்தாலும் சித்தப்பா எழுந்துவிட வேண்டும். அந்தக் கொத்தைக் கையில் வாங்கிய நொடியிலிருந்து விஷம் இறங்கும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது, வழி மறிக்கக் கூடாது. கொத்து கொண்டு வந்தவரும் ஒரு வாசலுக்கு வந்துவிட்டால் அதை விட்டு இன்னொரு வாசலுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மந்திரக்காரர் ஆறு தாண்டி வெளியூரில் இரவு தங்கக் கூடாது. தங்கினால் மந்திரம் ஆற்றோடு போய்விடும். ஆகவே சித்தப்பா எந்தக் கல்யாணத்துக்கும் முதல் நாளே போனதில்லை. எந்தத் திருவிழாவிலும் கடைசிவரை நின்றதில்லை. குளிக்கப் போனால் கூடத் துறையில் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். கோழி அடித்துக் குழம்பு வைத்த நாளில் அம்மா முதலில் அவருக்குத்தான் அவசரமாகப் போடுவாள். பாதியில் எழுந்து போன இலைகள் எத்தனையோ.

தாத்தா காலத்தில் கடிபட்டவரை வேப்ப மரத்தடியில் கிடத்தி மந்திரம் சொன்னார்கள். சித்தப்பா கைக்கு வந்ததும் அது மாறியது. விஷம் ஊருக்குள் இறங்காது, மூன்று ஆறு தாண்டினால்தான் இறங்கும் என்று அவர் ஒரு விதியைச் சொன்னார். வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. மூன்றாவது ஆறு தாண்டியதும் தஞ்சாவூர் வந்துவிடும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி. வந்ததுதான் வந்தோம், சர்க்கார் சும்மா போடுகிற ஊசியையும் போட்டுக்கொண்டு போவோம் என்பார். பிழைத்து வந்தவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் அவர் காலில் விழுவார்கள். ஊசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் துணி போர்த்தித்தான் திருப்பி அனுப்புவான் என்று நம்பிய காலம் அது.

எனக்கு அப்போது பத்து பதினொரு வயது. குறுவை அறுவடை முடிந்து வைக்கோல் போர் புதிதாகப் போட்டிருந்தார்கள். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன இடத்தில் என் காலில் பூச்சி தொட்டது. நல்ல பாம்பு. முதலில் முள் குத்தியது என்று நினைத்தேன். அம்மா எங்கள் கொல்லையிலேயே வேப்பங்கொத்தை ஒடித்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கொழுந்தனாரின் முன்னால் நீட்டினாள்.

சித்தப்பா என்னை சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்து, துண்டால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். கால் எரிந்தது, கண் இமை தானாக இறங்கியது. வியர்வையும் புகையிலையும் கலந்த அவருடைய வாசனை. என் காது அவர் வாய்க்கு நேராக இருந்தது. ஊரில் யாருக்கும் கிடைக்காத பாக்கியம், மந்திரத்தை அருகிலிருந்து கேட்கப் போகிறேன் என்று அந்த வேதனையிலும் ஒரு ஆசை. கேட்டேன். "ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரெண்டு" என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்காகத்தான் அதற்கு முந்தைய வாரம் வாத்தியாரிடம் அடி வாங்கியிருந்தேன். எனக்குத் தப்பாகக் கேட்கிறதோ என்று நினைத்தேன். வெண்ணாற்றுப் பாலத்தில் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே வாய்ப்பாடு.

பிழைத்தேன் என்பது உங்களுக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சித்தப்பா கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ். மாநிறம், நெற்றி அகலம், பேச்சில் கடற்கரைக்காரர்களின் வெடுக்கு. பூம்புகார்ப் பக்கம் மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். நான் நர்ஸ் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் சித்தப்பாவிடம் அடங்கிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மந்திரம் போட்டுப் பிழைக்க வைத்தார் என்று வார்டு முழுக்கப் பேசுகிறார்களாம். இதைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் வேறு எந்த மந்திரவாதியிடமோ போய்ச் சாகப் போகிறார்களோ என்றார்.

சித்தப்பா தலை குனிந்து சொன்னார். "அவங்க என்ன நம்பித்தான் ஆத்தத் தாண்டுறாங்க. ஊசிய நம்பித் தாண்ட மாட்டாங்க. நான் இல்லன்னா அக்கரையில ஒருத்தர் இருக்காரு, மரத்தடியிலயே படுக்க வச்சிடுவாரு."

அந்த அக்கரைக்காரர் மோசக்காரர் இல்லை. தான் சொல்லும் மந்திரத்தை முழுதாக நம்பியவர். அதுதான் ஆபத்து என்று இப்போது புரிகிறது.

என் கால் புண் ஆற ஒரு பருவம் பிடித்தது. விஷம் ஏறிய இடத்தில் சதை கறுத்துப் போயிருந்தது. வாரா வாரம் கட்டு மாற்ற சித்தப்பா என்னை சைக்கிளில் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். அந்தப் பயணங்களில்தான் அவர் என்னிடம் ரகசியத்தைச் சொன்னார். தாத்தா ஓதிய மந்திரம் அவருக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். ஆனால் தாத்தா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரத்தடியில் செத்துப்போனது அவருடைய சொந்த அம்மா. மந்திரத்தைத் தொடங்கினால் அம்மாவின் முகம் வந்துவிடுகிறது, உதடு அசையாவிட்டால் உடன் வருகிறவர்கள் நம்பிக்கை இழந்து திரும்பிவிடுவார்கள், அதனால் வாய்க்கு வந்த வாய்ப்பாட்டைச் சொல்கிறேன் என்றார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்ல மாட்டேன் என்று நானாகவே சொன்னேன். அவருக்குப் பேச ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதே ஒரு மாதிரி தெரிந்தது. ஊரில் எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். கும்பிடுகிறவர்கள் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதில்லை.

கட்டு மாற்றியதும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாகை மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்காருவோம். நர்ஸ் அக்கா அலுமினியத் தூக்கில் மீன் குழம்பும் சோறும் கொண்டு வருவார். தூக்கின் மூடி நெளிந்திருக்கும், திறக்க ஒரு தட்டு தட்ட வேண்டும். சித்தப்பா அங்கே மட்டும்தான் ஒரு சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்தேன். முள்ளில்லாத துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்து வைப்பார். நம் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தை இத்தனை வயதுக்கும் பார்த்ததில்லையா என்று அக்கா கேலி செய்வார். போகவர ஒரு பகல் ஆகுமே, அதற்குள் யாராவது கொத்தோடு வந்தால் என்று அவர் சொல்வார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கண் தெருவுக்குப் போய்விடும். ஊர்க்காரர் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பார். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவர் கண் திரும்பி வரும்வரை காத்திருப்பார். வெயில் சாய்ந்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

ஐப்பசியில் நர்ஸ் அக்காவுக்குச் சீர்காழிக்கு மாற்றல் வந்தது. கார்த்திகை பிறந்ததும் அங்கே சேர வேண்டும். அன்றைக்குப் பெஞ்சில் அவர் கேலி செய்யவில்லை. ஒரு மந்திரவாதியின் பெண்டாட்டியாக என்னால் இருக்க முடியாது, அங்கே வந்துவிடுங்கள், ஆஸ்பத்திரியிலோ அரிசி மில்லிலோ ஒரு வேலை கிடைக்கும், கல்யாணம் செய்துகொள்வோம் என்று நேராகவே சொன்னார். போவதற்கு முன் ஊரில் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், ஜனங்கள் நீங்கள் நினைப்பது போல் முட்டாள்கள் இல்லை என்றும் சொன்னார். சித்தப்பா சரி என்றார். சாதி, குலம் என்று அப்பா குதித்திருப்பார். அதற்குக் கூடச் சித்தப்பா தயாராகத்தான் இருந்தார். என்னை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது சைக்கிளில் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிடாரி கோயில் முன்னால் ஊர் கூடியது. வாய்க்கால் வெட்டுவது பற்றிப் பேசத்தான் கூடினார்கள். பேச்சு முடிந்ததும் சித்தப்பா எழுந்து நின்றார். என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை, நான் சொன்னது வெறும் வாய்ப்பாடு, உங்களைப் பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி ஊசி, இனிமேல் என் வாசலுக்கு வராதீர்கள், நேராக அங்கே போங்கள் என்றார். தெளிவாகச் சொன்னார். வேண்டுமென்றால் கேளுங்கள் என்று வாய்ப்பாட்டை அங்கேயே சொல்லியும் காட்டினார்.

பிறகு ஊர்ப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "மந்திரம் தெரிஞ்சவன் தெரியும்னு சொல்ல மாட்டான். ஒங்க அப்பாவும் இதேதான் சொன்னாரு. நீங்க அவரத் தாண்டிட்டீங்க" என்றார்.

கூட்டம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. தாத்தா உயிரோடு இருந்தவரை தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வாராம். மந்திரத்தைச் சபையில் ஒப்புக்கொண்டால் பலிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சித்தப்பா மறுக்க மறுக்க அவருடைய பெருமை கூடியது. வாய்ப்பாடு என்று சொல்லி மந்திரத்தை மறைக்கிறார் பாருங்கள் என்று ஒரு பாட்டி கண்ணீர் விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரின் கையை இறக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் அவர் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மெல்லப் புரிந்துகொள்வார்கள் என்று என்னிடம் சொன்னார். அக்காவின் அம்மாவைப் பார்த்துப் பேசப் பூம்புகார் போவதென்று முடிவாயிற்று. வீட்டில் பம்புசெட் சாமான் வாங்கக் கும்பகோணம் போவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சாமான் வாங்கச் சலவைச் சட்டை எதற்கு என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

அன்று சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. சூரியன் ஏறுவதற்குள் கீழத்தெருவிலிருந்து ஒரு ஆள் வேப்பங்கொத்தோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். இடுப்பு வரை சேறு. நடவு வயலில் அவருடைய மனைவியைப் பூச்சி தொட்டிருந்தது. கைக்குழந்தைக்காரி. அவளைக் கட்டிலோடு தூக்கி வந்து தெரு முனையில் இறக்கியிருந்தார்கள். தம்பி கும்பகோணம் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று அப்பா சொன்னார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு வாசலில் குந்திக்கொண்டார். கொத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவர் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழவில்லை. அப்பாவிடம் போய், சித்தப்பா இல்லாவிட்டாலும் மூன்று ஆறு தாண்டினால் போதும் என்று சொன்னேன். அவன் இல்லாமல் ஆறு தாண்டி என்ன பிரயோசனம் என்று அப்பா அதட்டினார். ஊசிதான் காப்பாற்றும் என்றேன். அதிகப்பிரசங்கி என்று அம்மா என்னை உள்ளே இழுத்தாள். தெரு முனையில் குழந்தை பாலுக்கு அழுதது. அந்த அம்மாள் என்னைப் போலவே இமையைத் தூக்க முடியாமல் இருந்தாள். வந்த வாசலை விட்டுப் போகக் கூடாது என்ற ஒரே விதிக்காக அவள் புருஷன் அசையாமல் குந்தியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

அம்மாவின் கையை உதறிவிட்டு வாசலுக்குப் போய் அவர் கையிலிருந்த கொத்தை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் யாரும் பேசவில்லை. பேச முடியாது. அப்பா எழுந்தவர் அப்படியே நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கொத்தை வாங்கியவளை மறிக்கக் கூடாது என்று அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு நான் முன்னால் நடந்தேன், கட்டில் பின்னால் வந்தது. ரோட்டில் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸுக்கு முன்னால் கொத்தை நீட்டினேன். கொத்தைக் கண்டால் எந்த டிரைவரும் ஏற்றிக்கொண்டு, அப்புறம் வழியில் நிறுத்தாமல் ஓட்டுவார். வெட்டாறு வந்தபோது வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். எனக்குப் பதிமூன்றாவது வரி எப்போதும் தகராறு. அங்கே வரும்போதெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். பஸ்ஸில் எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அன்று அந்த அம்மாள் பிழைத்தாள்.

ஊருக்குள் நான் திரும்பியபோது எங்கள் வாசலில் ஒரே கூட்டம். மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து என் காலில் ஊற்றினார்கள். என் அம்மாவை விட வயதானவர்கள் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பொழுது சாயச் சித்தப்பா வந்து சேர்ந்தார். பஸ்ஸிலேயே கேள்விப்பட்டுவிட்டார். என் தலையில் கை வைத்து, நல்ல காரியம் செய்தாய் என்றார். சட்டைப் பையிலிருந்து கடற்கரையில் பொறுக்கிய ஒரு வெள்ளைச் சங்கை எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ வீடு மாறியதில் அந்தச் சங்கு எங்கோ தொலைந்துவிட்டது.

அதற்குப் பிந்தைய நாட்களை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சு கொடுத்தார்கள். வாத்தியார் பிரம்பை ஒளித்துவிட்டார். முதலில் இனித்தது. ஆனால் நெல்லிக்காயைக் காக்காய்க் கடி கடித்துப் பாதி கொடுத்த சிநேகிதிகள் தராமல் விலகினார்கள். எச்சில் பட்டால் பாவமாம். பாண்டி ஆட்டத்தில் நான் கோட்டை மிதித்தாலும் யாரும் அவுட் சொல்லவில்லை. சண்டை போட ஒருத்தியும் இல்லை. தை பிறந்ததும் என்னைத் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் சேர்ப்பதாக இருந்த பேச்சை அப்பா நிறுத்திவிட்டார். ஆறு தாண்டி இரவு தங்கக் கூடாதல்லவா? இந்தப் பிள்ளையை யார் கட்டிக்கொண்டு போவான், போனால் ஊர் விடுமா என்று அம்மா சித்தப்பாவிடம் கேட்டதைக் கேட்டேன். அவருடைய துணிப்பை கட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

அடுத்த கொத்து மத்தியான வேளையில் வந்தது. சித்தப்பா வாசலிலேயே உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கொத்து கொண்டு வந்த கிழவர் அவரைத் தாண்டி உள்ளே வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார். நான் சோற்றில் கை வைத்திருந்தேன். எழுந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

சித்தப்பா என்னையும் தட்டையும் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையோடு வந்து எனக்கும் கிழவருக்கும் நடுவில் நின்றார். "அத எங்கிட்ட குடுங்க. அது ஒரு நாளைக்கு எரவல் குடுத்தது. திரும்பி வந்துடுச்சு. இனிமே இவ தொட்டா ரெண்டு பேருகிட்டயும் தங்காது" என்றார். கொத்தைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மறுநாள் பிடாரி கோயிலில் எரிகிற சூடத்தின் மேல் அடித்து, உயிர் உள்ளவரை ஆறு தாண்டித் தங்க மாட்டேன் என்று ஊர் முன்னால் சத்தியம் செய்தார். அன்று சொன்னதெல்லாம் சோதனைக்குச் சொன்னது, இனி கொத்து என் கைக்குத்தான் வர வேண்டும் என்றார். எங்களுக்குத் தெரியாதா என்று ஊர்ப் பெரியவர் சிரித்தார்.

என்னிடமிருந்து பெருமையைப் பறித்துக்கொண்டார் என்று சித்தப்பாவோடு நான் கொஞ்ச நாள் பேசவில்லை. பரம்பரைச் சொத்து குடும்பத்தை விட்டுப் போகவில்லை என்று அப்பா மார்தட்டினார். நர்ஸ் விஷயம் எப்படியோ அம்மாவின் காதுக்கு எட்டியது. மாற்றல் வந்ததும் அவள் இவரைக் கைவிட்டுவிட்டாள், பட்டணத்துக்காரிக்குப் பட்டிக்காட்டான் எதற்கு என்று சாகும்வரை திட்டினாள். தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும், இந்த மனுஷனுக்கு அது தெரியவில்லையே என்றும் அவளே அங்கலாய்ப்பாள். தை பிறந்ததும் நான் ஹாஸ்டலுக்குப் போனேன். சித்தப்பா சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெயில் இருக்கும்போதே திரும்பினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலைகள் வந்தன, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கொத்தோடு வருகிறவர்கள் குறைந்து, நின்றே போனார்கள். அப்போதும் அவர் ஊரை விட்டு ஒரு இரவு தங்கவில்லை. சத்தியம் அப்படியே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் அந்த வீட்டிலேயே தூக்கத்தில் போனார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சீர்காழி போனபோது விசாரித்துக்கொண்டு நர்ஸ் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அகலமான நெற்றி மட்டும் மாறவில்லை. மகன் வீட்டில் இருக்கிறார். சில வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டாராம், நல்ல மனுஷன், அவரும் போய்விட்டார் என்றார். சித்தப்பா இறந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏன் அவரை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"நானா விட்டேன்?" என்றார் அக்கா. "சத்தியம் பண்றதுக்கு மொத நாள், யாரையோ கொண்டாந்து சேத்துட்டு என்கிட்ட வந்தாரு. நான் ஒங்ககூட வந்துட்டா பாப்பாதான் அந்த வாசல்ல ஒக்காந்துகிட்டு இருக்கும், சோத்துலேந்து எழுந்திருச்சிச்சு, நான் பாத்தேன்னு அழுதாரு. என்ன செய்யட்டும் நீங்களே சொல்லுங்கன்னாரு. நான்தான் போங்கன்னு சொன்னேன்."

இத்தனை காலம் அவர் ஊருக்காக இருந்தார் என்று நினைத்திருந்தேன். ஊருக்காக இல்லை. இரண்டு பேர் எனக்காக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நான் அன்று மாலை அவர் திரும்பி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழாதே என்று சொல்லவில்லை. "சரி, நீ எங்கெல்லாம் போன? சொல்லு" என்றார்.

திருச்சியில் காலேஜ் படித்தேன் என்றேன். அப்புறம் என்றார். மெட்ராஸில் முதல் வேலை. அப்புறம்? கல்யாணமாகி நாக்பூர், அங்கே குளிர் காலத்தில் ஆரஞ்சு மலிவு. அப்புறம்? டெல்லி, மூன்று வருஷம். மகன் இருக்கும் சிங்கப்பூருக்கு இரண்டு முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் இருந்த ஊர்கள் தீர்ந்துவிட்டன. நிறுத்த மனம் வரவில்லை. ரயிலில் தூங்காமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடந்துபோன ஊர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.